கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிடைக்கிற கல்லில் கற்கருவி செய்து பழக முடியுமா?

முடியும். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் தட்டுகிற ஃபிளிண்ட் கல் இங்கே கிடையாது. அது சுண்ணாம்புப் பாறைக்குள் விளைவது. நம்முடையது கிரானைட், நைஸ் பாறை பூமி. இங்கே கைக்கு அகப்படுவது வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்), கறுப்பு கிரானைட் என்று விற்கிற டோலரைட்டும்தான். இரண்டுமே முரட்டுக் கல் என்பதால், முதலில் கண்ணாடியில் கை பழகுங்கள்.

கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. வெட்டுத்துண்டு கேளுங்கள். டஃபன் செய்தது (சூடேற்றி உறுதியாக்கியது) வேண்டாம், மொத்தமாக நொறுங்கிவிடும். மரப்பிடியில் 4 மி.மீ. செம்புக் கம்பியைச் செருகி, நுனி 2 செ.மீ. வெளியே நிற்கட்டும். உள்ளங்கையில் தடித்த தோல் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கண்ணாடியின் ஓரம் செங்குத்தாக இருக்கும். 90 பாகையில் சில்லு ஓடாது. முதலில் சின்னச் சில்லுகளாகப் பெயர்த்து ஓரத்தைச் சாய்க்க வேண்டும். பிறகு விளிம்பை உடைந்த சாணைக்கல்லால் தேய்த்து மழுக்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். கூர்மையான விளிம்பு அழுத்தம் தாங்காமல் பொடிந்துபோகும். கம்பி நுனியை விளிம்பில் ஊன்றி, முதலில் உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தம் நன்றாக ஏறிய பிறகே கீழ்நோக்கி நெம்புங்கள். சில்லு அடிமுகத்தில் பெயரும். பாதியில் படிபோல முறிந்து நின்றால் அங்கேயே திரும்ப அழுத்தாதீர்கள், படி உயரமாகும். எதிர் விளிம்பிலிருந்து ஒரு நீளச் சில்லை ஓட்டி அதை எடுத்துவிடலாம்.

வெங்கச்சாங்கல்லில் சர்க்கரைபோல் பொரபொரப்பானதை ஒதுக்குங்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது நல்லது. நனைத்துக் காயவைத்தால் விரிசல் கடைசியாகக் காய்ந்து காட்டிக்கொடுக்கும். பட்டடைக்கல்மேல் நிறுத்தி, உச்சியில் நேராக அடிப்பதுதான் இதற்கான முறை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்தவை போன்ற நுண்கற்கருவிகளுக்குத் தேவையான சிறு சில்லுகள் இப்படியே வரும்.

டோலரைட் கோடரிக்கானது. கறுப்பு கிரானைட் பட்டறைக் கழிவில் கேட்டு வாங்கலாம். சுத்தியல் கல்லால் உருவம் தட்டி, வெங்கச்சாங்கல் உருண்டையால் லேசாக, செங்குத்தாகக் கொத்திக்கொண்டே இருந்தால் மேடுகள் பொடியாக உதிரும். மணலும் தண்ணீரும் விட்டுக் கருங்கல்லில் வாய்ப்பகுதியைத் தேய்த்தால் கூர் வரும். பல நாள் வேலை, ஆனால் இந்த மண்ணின் புதிய கற்காலக் கருவி இதுதான். அதனால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள், வீட்டுக்குள்ளும் வேண்டாம். வெங்கச்சாங்கல் தூசி நுரையீரலைக் கெடுத்தால் மருந்தால் மீளாது. தொல்லியல் இடங்களில் கல் பொறுக்கவோ தட்டவோ கூடாது. உங்கள் சில்லுகளை ஒரு பிளாஸ்டிக் மூடியோ புது நாணயமோ சேர்த்துப் புதையுங்கள். பின்னால் தோண்டுகிறவர் பழையது என்று ஏமாறமாட்டார்.