ஆன்லைன் கேசினோவில் போனஸ் கணக்கில் தெரிகிறது, எடுக்க மட்டும் முடிவதில்லை. ஏன்?

காரணம், பந்தய நிபந்தனை. போனஸைப் போல இத்தனை மடங்கு தொகைக்கு ஆடி முடித்த பிறகுதான் அதுவும் அதில் ஜெயித்ததும் கைக்கு வரும். அதுவரை திரையில் தெரிவது வெறும் எண்.

100 பவுண்டு போனஸ், 35 மடங்கு நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். 3,500 பவுண்டுக்கு ஆட வேண்டும். 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட்டில் (சுழலும் படங்கள் ஒத்துப்போனால் பணம் விழும் ஆட்டம்), வைக்கும் ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 4 போகும். அப்படியானால் 3,500-க்கு 140. கொடுத்ததே 100தானே! பெரும்பாலோருக்குப் பாதி வழியிலேயே இருப்பு தீர்வது இதனால்தான். சரி, இழப்பு குறைந்த ரூலெட் (எண் சக்கர ஆட்டம்) ஆடலாமே என்றால், பல தளங்களில் அங்கே வைக்கும் 10 பவுண்டுக்கு 1 பவுண்டுதான் நிபந்தனைக் கணக்கில் ஏறும். அதையும் யோசித்துத்தான் விதி எழுதியிருக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய் கூப்பனைக் கையில் தந்துவிட்டு, 35,000-க்குத் துணி எடுத்தால்தான் செல்லும் என்கிற ஆடித் தள்ளுபடி மாதிரி இது. அங்கேயாவது துணி மிஞ்சும்.

பிரிட்டனில் 2026 ஜனவரி முதல் 10 மடங்குக்கு மேல் நிபந்தனை வைக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் இழப்பு 140-லிருந்து 40 ஆகிவிடும். அங்கே உரிமம் பெறாத தளங்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

‘இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, இனி விழும்’ என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு பாக்கி என்பது ஸ்லாட்டுக்குத் தெரியாது. கடைசிச் சுற்றிலும் அதே 4 சதவீதம்தான்.