சரிவு மனையில ரூம் சேர்த்துக் கட்டணுமா? அளவு எடுக்குற வரைக்கும் மண்ணைத் தொடாதீங்க

கேள்வி இதுதான்: வீடு சரிவான மனையில இருக்கு, பின்பக்கம் பள்ளம். வீட்டுத் தரைமட்டத்துக்கே பின்னால ஒரு ரூமும் பாத்ரூமும் சேர்க்க பிளான் கொடுத்தீங்க, உயரம் கூடுதல்னு ஃபைல் திரும்பி வந்துடுச்சு, கீழ்வீட்டுக்காரரும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துட்டார். காண்ட்ராக்டர் என்னடான்னா, மேல்பக்கம் மண்ணை வெட்டி பள்ளத்துல கொட்டி லெவல் பண்ணிட்டா உயரம் தானா குறைஞ்சிடும், அப்புறம் திரும்ப பிளான் போடலாம்ங்கிறார். செய்யலாமான்னு கேட்டிருக்கீங்க.

தயவுசெஞ்சு செய்யாதீங்க. பல இடங்கள்ல விதி கேக்குறது இயற்கையான தரைமட்டத்தை, அதாவது நீங்க வெட்டுறதுக்கும் கொட்டுறதுக்கும் முன்னாடி மண்ணு எப்படி இருந்துச்சோ அந்தக் கோட்டை. இப்படி யாராவது மண்ணைக் கொட்டி கணக்கைக் குறைச்சிடக் கூடாதுன்னுதான் அந்த வார்த்தையையே போட்டிருக்காங்க. ஜேசிபி ஒரு நாள் ஓடிட்டா பழைய கோடு போயிடும், பழைய மட்டம் இதுதான்னு நிரூபிக்க வேண்டியது நீங்களா ஆயிடுவீங்க, கையில ஆதாரமும் இருக்காது. இது ரொம்பப் பெரிய நஷ்டம்.

உங்க மனை 40 அடி நீளத்துக்கு 8 அடி இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அஞ்சுக்கு ஒண்ணு சரிவு. நீங்க கேக்குற ரூம் 11 அடி உயரம். மேல நிக்கிற உங்களுக்கு அது 11 அடிதான், ஆனா பள்ளத்துக் கடைசியில நிக்கிறவருக்கு ரூமைத் தாங்குற 8 அடி அடித்தளச் சுவரும் சேர்ந்து 19 அடி. அவர் பொறாமையில எழுதலைங்க, அவர் கண்ணுக்கு உண்மையிலேயே ரெண்டு மாடி மாதிரிதான் தெரியும். சில ஊர்ல சராசரி தரைமட்டத்துல இருந்து அளப்பாங்க, சில ஊர்ல ஆகத் தாழ்ந்த புள்ளியில இருந்து, சில இடத்துல கூரையோட ஒவ்வொரு புள்ளிக்கும் அதுக்கு நேர் கீழ இருக்குற மண்ணுல இருந்து. உங்க ஊர் விதியில உயரம்ங்கிற சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்காங்கன்னு முதல்ல அதை எடுத்துப் படிங்க, சராசரின்னு இருந்தா உங்க கேஸ்ல 15 அடிதான் வரும், முழு விவகாரமும் அங்கேயே முடிஞ்சாலும் முடியும்.

அப்புறம் சர்வேயரை வச்சு மட்டம் எடுத்து கான்டூர் பிளான், அதாவது மனையோட ஏற்ற இறக்கத்தைக் கோடுகளால காட்டுற வரைபடம் போடுங்க. நான் பார்த்த ஒரு ஃபைல்ல செக்ஷன் டிராயிங்ல (கட்டடத்தையும் மண்ணையும் நெடுக வெட்டிப் பார்த்தா எப்படித் தெரியுமோ அந்தப் படம்) தரையை ஸ்கேல் வச்சு நேர்கோடா இழுத்திருந்தாங்க, சரிவே இல்லாத மாதிரி, அது ஒண்ணே போதும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. செக்ஷன்ல பழைய தரைக்கோடு புள்ளிக்கோடாவும் புதுசு முழுக்கோடாவும் ரெண்டும் தெரியணும், பக்கத்து ரெண்டு வீட்டு மட்டமும் இருந்தா ரொம்ப நல்லது. ரூமை ரெண்டு படி இறக்கி சரிவோட போற மாதிரி மாத்த முடியுமான்னும் ஆர்க்கிடெக்ட்கிட்ட கேளுங்க, உயரமும் குறையும், கீழ்வீட்டுப் பக்கம் ஜன்னலை மாத்தி வச்சா அவரோட பாதி ஆட்சேபமும் போயிடும்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியறதில்ல. பிளான் அப்ரூவல் கிடைச்சிட்டா பக்கத்து வீட்டுக்காரரால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைக்காதீங்க. அப்ரூவல் உங்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவுல உள்ளது, பக்கத்து நிலத்தோட தாங்கல் உரிமை, அதாவது உங்க மண்ணு தன்னைத் தாங்கி நிக்கணும்னு பக்கத்து நிலத்துக்கு இருக்குற உரிமை, தனி. இங்கிலாந்துல 1881 ல டால்டன் எதிர் ஆங்கஸ்னு ஒரு தீர்ப்பு, பக்கத்துல தோண்டினதால ஒரு தொழிற்கூடம் இடிஞ்சு விழுந்த வழக்கு, 20 வருஷத்துக்கு மேல நின்ன கட்டடத்துக்கும் பக்கத்து மண்ணோட தாங்கல் கிடைக்கணும்னு அதுல முடிவாச்சு. அந்தச் சட்ட வழியில வந்த பல நாடுகள்ல இன்னைக்கும் இந்த அடிப்படை இருக்கு. நீங்க மேல்பக்கம் வெட்டினா மேல்வீட்டுக்காரரோட தாங்கல் போகுது, கீழ கொட்டினா கீழ்வீட்டு மதில்ல பாரம் ஏறுது, ரெண்டு பக்கமும் நீங்களே வம்பை விலைக்கு வாங்குறீங்க.

தடுப்புச்சுவர் போட்டே ஆகணும்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் டிசைன் இல்லாம போடாதீங்க. சுவரைத் தள்றது மண்ணு மட்டும் இல்ல, மழையில பின்னால தேங்குற தண்ணியும்தான். வீப் ஹோல் (தண்ணி வெளியேற சுவர்ல விடுற ஓட்டை) இருக்கும், பின்னால ஜல்லி இருக்காது, ரெண்டு மழையில சேறு அடைச்சு சுவர் வயிறு தள்ளி நிக்கும். கூரைத் தண்ணியைக் குழாய்ல சேர்த்து கீழ்வீட்டுப் பக்கம் விடவும் கூடாது, சரிவுல தானா இறங்குற தண்ணி வேற, நீங்க சேர்த்து விடுற தண்ணி வேற, கோர்ட்டு ரெண்டையும் ஒண்ணாப் பார்க்காது.

கடைசியா, ஃபைல் திரும்பின கடிதத்துல தேதியும் காரணமும் இருக்கும், அப்பீலுக்குக் கெடு பொதுவா அந்த உத்தரவு தேதியில இருந்தோ அது கையில கிடைச்ச நாள்ல இருந்தோ ஓடும். இப்பவே அதை ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, கெடு முடியறதுக்குள்ள திருத்தின பிளானா அப்பீலான்னு முடிவு பண்ணிடலாம். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு புது டிராயிங்கைக் காட்டுங்க, அவர் ஒத்துக்கிட்டா எழுத்துல வாங்கிக்குங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா காண்ட்ராக்டருக்கு போன் போட்டு ஜேசிபி வேணாம்னு சொல்லிடுங்க, மனையை நாலு பக்கமும் தேதியோட போட்டோ எடுத்து வச்சிடுங்க.