பாலியில் குளத்தோடு ஒரு வீடு: வாசகர் கேள்விகள்

பாலித் தீவில் நீச்சல் குளத்தோடு தனி வில்லா எடுப்பவர்கள் அதை ஹோட்டல் என்று நினைத்துப் போகக் கூடாது, வாடகை வீடு என்று நினைத்துப் போக வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள். வில்லா புக்கிங் மேசையில் உட்கார்ந்து, போய்வந்தவர்களின் புகாரைக் கேட்டே பழகியவள் நான். அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வயதான அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். ஹோட்டலில் மூன்று அறையா, மூன்று படுக்கையறை வில்லாவா? எந்தப் பகுதி நல்லது?
– ஒரு வாசகி, திருச்சி

ஆறு பேர் என்றால் வில்லாதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஹோட்டலில் இடம் ஏது?

பகுதி விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாங்குவும் செமின்யாக்கும் இளவட்டங்களுக்கு. சாலை நெரிசல் ஒரு பக்கம், புதிது புதிதாக எழும் கட்டடங்கள் மறுபக்கம். உலுவத்து அழகு, ஆனால் அங்கே பல கடற்கரைகள் செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கின்றன, படி இறங்கித்தான் தண்ணீரைத் தொட முடியும். உபுத் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அங்கே கடல் கிடையாது. பள்ளத்தாக்கைப் பார்த்த வில்லா என்றால் பள்ளத்தாக்கு வரை படிக்கட்டும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு சனூர். பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் கடல் அமைதியாக இருக்கும். கரையோரமாகவே நீளமான நடைபாதை இருக்கிறது. அப்பா காலையில் நடந்துவிட்டு வரலாம்.

முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கார் வாசல் வரை வருமா? (சந்துக்குள் இருக்கும் வில்லாக்கள் ஏராளம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.) தரைத்தளத்தில் எத்தனை படுக்கையறை? ஹாலுக்குச் சுவர் உண்டா? பாலியில் பல வில்லாக்களின் ஹால் ஒரு பக்கம் முழுக்கத் திறந்தே கிடக்கும். படத்தில் பிரமாதம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவோடு உட்கார வேண்டும், ஏசியும் இருக்காது. அந்தத் தீவில் டெங்கு உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி: பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா? என் மேசைக்கு வந்த புகார்களில் குளத்தைப் பற்றியவை கொஞ்சம்தான். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் டைல்ஸ் அறுக்கும் சத்தம் பற்றியவையே அதிகம். விமர்சனங்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதத்தை மட்டும் படியுங்கள். போன வருடத்து ஐந்து நட்சத்திரம் இந்த வருடச் சத்தத்தைச் சொல்லாது.

கேள்வி: வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்களே, அது என்ன?
– ஒரு வாசகர், சேலம்

வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து பொதுவாக 21 விழுக்காடு. ஓர் இரவுக்கு 30 லட்சம் இந்தோனேசிய ரூபியா என்று பேசியிருந்தால் 36 லட்சத்து 30 ஆயிரம் கொடுப்பீர்கள். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இவை போக, பாலி மாகாண அரசு 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ரூபியா வசூலிக்கிறது. போய் இறங்கி வாங்கும் 30 நாள் விசாவுக்குத் தலைக்கு 5,00,000. ஆறு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. குளம் உள்ள வில்லா எடுக்கலாமா என்று பயமாக இருக்கிறது. கணவர் சிரிக்கிறார்.
– ஒரு வாசகி, மதுரை

சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பயம் நியாயமானது. ஹோட்டல் குளம் எங்கோ தள்ளி இருக்கும், ஆள் இருப்பார்கள். வில்லாவில் படுக்கையறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலே எட்டில் தண்ணீர். பெரும்பாலான வில்லாக்களில் சுற்றி வேலி கிடையாது. வேலி போட்டால் படம் கெட்டுவிடுமாம்.

மூன்று வயதுப் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். ஆகவே குளத்தில் இறங்கும் நேரத்தைவிட இறங்காத நேரம்தான் ஆபத்து. பெட்டி பிரிக்கிறீர்கள், ஒருவர் குளிக்கிறார், ஒருவர் போனில் டிரைவரோடு பேசுகிறார். அந்தப் பத்து நிமிடம்.

செய்ய வேண்டியது இருக்கிறது. பாலியில் கழற்றி மாட்டும் குளத்து வேலியை வாடகைக்குக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறார்கள். வில்லா நிர்வாகத்திடம் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் போய்ச் சேரும் முன்பே பொருத்தியிருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கதவுத் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். குளத்தின் ஆழத்தை மீட்டரில் கேளுங்கள். ஆழமில்லாத பகுதியே இல்லாமல் ஒரே சீராக ஒன்றரை மீட்டர் இருக்கும் குளங்கள் உண்டு. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்பது யாரும் பார்க்கவில்லை என்பதற்குச் சமம். இந்த அரை மணி உன் முறை, அடுத்தது என் முறை என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த பலூனை நம்பாதீர்கள். இதில் எதையும் வில்லா ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த வில்லா உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: தேனிலவுக்குப் போகிறோம். குளத்தில் மிதக்கும் தட்டில் காலை உணவு எப்படி?
– ஒரு வாசகர், கோவை

தம்பி, படத்துக்கு நன்றாக இருக்கும். படம் எடுத்ததும் தட்டைக் கரையேற்றி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ரொட்டியாவது நனையாமல் இருக்கும். பல இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: பக்கத்து மாடியிலிருந்து உங்கள் குளம் தெரியுமா? சுத்தம் செய்பவர் எத்தனை மணிக்கு வருவார்? தினமும் காலையில் குளம் துப்புரவு, பூத்தட்டுப் படையல் என்று ஆட்கள் வந்துபோவது அங்கே இயல்பு. நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்டில் உபுத் பக்கம் காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். வில்லா சமையல்காரரை நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

நம்பலாம், விவரமாகச் சொன்னால். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. அவர்களுடைய சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் தெராசி என்னும் இறால் விழுது கலந்திருக்கும். அவர்கள் கணக்கில் அது மசாலா. ‘தெராசி, மீன் சாஸ், முட்டை வேண்டாம்’ என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். சோயாவில் செய்யும் தெம்பேயும் தாகுவும் எங்கும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். மளிகைச் செலவுக்கு ரசீது உண்டா, அதற்கு மேல் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, 19 லிட்டர் கேன் வைத்திருப்பார்கள். மாமியாரின் பருப்புப் பொடியைத் தடுக்காதீர்கள், பெட்டியில் வரட்டும்.

கேள்வி: மார்ச் மாதத்தில் ஒரு வில்லா பாதி விலைக்கு வருகிறது. ஏதாவது சூது உண்டா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

சூது இல்லை, மழைக்காலத்தின் வால். ஆனால் நியெபி எப்போது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சக நாட்காட்டியின் புத்தாண்டுப் பிறப்பை பாலி இந்துக்கள் மௌனத்தால் கொண்டாடும் நாள் அது. நம் யுகாதியை ஒட்டி வரும்: 2025-ல் மார்ச் 29, 2026-ல் மார்ச் 19. காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை விமான நிலையமே மூடியிருக்கும். தெருவில் யாரும் நடமாடக் கூடாது. பெச்சாலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் சுற்றி வருவார்கள். விளக்கு வெளியே தெரியக் கூடாது, செல்போன் இணையமும் நிறுத்தப்படும். சுற்றுலாப் பயணிக்கும் இதே விதிதான். அன்று வில்லாவுக்கு வரவும் முடியாது, காலி செய்யவும் முடியாது. முந்தைய நாளே சாப்பாடு, மருந்து, பால் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டால், என்னைக் கேட்டால், வில்லா எடுத்ததற்குப் பலன் கிடைக்கும் நாள் அதுதான். நகர விளக்கு இல்லாத வானத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்? முந்தைய மாலை ஓகோ-ஓகோ என்னும் பூத உருவங்களின் ஊர்வலத்தையும் விடாதீர்கள். அன்று சாலைகள் அடைபடும், நடந்து போகிற தூரத்தில் இருங்கள்.

கேள்வி: உரிமையாளர் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். புக்கிங் இணையதளத்தை விட்டு நேரடியாக வங்கியில் கட்டினால் பதினைந்து விழுக்காடு குறைப்பாராம்.
– ஒரு வாசகர், ஓசூர்

கட்டாதீர்கள். வில்லாப் படத்தைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே குளம் வேறு பெயரில், வேறு ஊரில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வராவிட்டாலும் தளத்தின் வழியாகவே பணம் கட்டுங்கள். தகராறு என்று வந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு ஓர் இடம் வேண்டும்.