தாய்லாந்து லக்கோன் ஏன் இவ்வளவு மெதுவாக, மேடை நாடகம் போல நகர்கிறது?

லக்கோன் என்பது தாய்லாந்துத் தொலைக்காட்சியின் தொடர் நாடகம். சொத்து, மாமியார், அந்தஸ்து, மறைத்த பிறப்பு என்று பெரும்பாலும் குடும்பச் சண்டைதான் கதை.

அந்த மெதுவான நடைக்கு மேடையே வேர். தாய்லாந்தில் தொலைக்காட்சி 1955-இல் தொடங்கியது. ஆரம்பகால நாடகங்கள் நேரலையில் போனபோது, மறைவில் ஒருவர் வசனத்தை எடுத்துக்கொடுப்பார். நடிகர் அதைக் கேட்டுவிட்டுப் பேசுவார். அந்த இடைவெளியைப் பார்வையாலும் முகபாவத்தாலும் நிரப்ப வேண்டியிருந்தது. அப்புறம், லிக்கே என்ற நாட்டுப்புறக் கூத்தின் மிகை நடிப்பும் பார்வையாளருக்கு ஏற்கெனவே பழகியது. எனக்கு அந்த நீண்ட மௌனங்கள்தான் லக்கோனின் அழகு: பெரியவர்கள் முன் வாய் திறக்க முடியாத மகளின் கோபம் அங்கேதான் தெரியும்.

பார்க்கும் விதமும் ஒரு காரணம். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பவருக்குக் கதை சொன்னால், நாமும் நிறுத்தி, அழுத்தி, திரும்பச் சொல்வோம் இல்லையா, அது போலத்தான்.

மெதுவாகப் போவதால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரவில் அதிகம் பேர் பார்க்கும் நேரத்தில் வரும் லக்கோன்கள் பெரும்பாலும் சில மாதங்களில் முடிவோடு நிறைவடைந்துவிடும்.