அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்

வணக்கம் அம்மா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1080 கிராம். 41 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது ஏழு வாரம் முடிந்துவிட்டது. 1750 கிராம் இருக்கிறாள், பால் நன்றாகக் குடிக்கிறாள்.

கண் பரிசோதனை இரண்டு முறை ஆகிவிட்டது. முதல் முறை ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம், "ஸ்டேஜ் இரண்டு, ரத்தக்குழாய் கொஞ்சம் புடைக்க ஆரம்பித்திருக்கிறது, வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள், லேசர் தேவைப்படலாம்" என்றார்கள். அன்று அவள் கண்ணை விரித்துப் பிடித்ததைப் பார்த்ததிலிருந்து என் மனைவி அழுகையை நிறுத்தவில்லை. "கையளவு குழந்தையை இப்படிப் படுத்தணுமா? மழை வேறு. மூணு மாசம் போகட்டும், தலை நிக்கட்டும், அப்புறம் காட்டிக்கலாம்" என்கிறார் என் அம்மா. எனக்கும் அதுதான் சரியோ என்று தோன்றுகிறது. ஆக்சிஜன் வைத்ததால்தான் கண் இப்படி ஆனது என்று ஒருவர் சொல்கிறார். ஏழாம் மாதத்தில் என் மனைவியைப் பைக்கில் வைத்து வளைகாப்புக்குக் கூட்டிப் போனேன், அதனால்தான் எல்லாமே என்று இன்னொருவர் சொல்கிறார். உங்கள் மகனும் குறைமாதத்தில் பிறந்தவன் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதனால் கேட்கிறேன். மூன்று மாதம் தள்ளிப் போடலாமா?

அன்புள்ள தம்பி,

தள்ளிப் போடாதீர்கள். ஒரு வாரம்கூட வேண்டாம். கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படித்துவிடுங்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் மகளுக்கு ஏழு வாரம் என்கிறீர்கள். வயிற்றில் இருந்தது 29 வாரம். இரண்டையும் கூட்டினால் 36. இன்னும் ஒரு மாதம் அம்மா வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டியவள் அவள். அங்கே இருட்டில் நடந்திருக்க வேண்டிய வேலையெல்லாம் இப்போது உங்கள் வீட்டில், டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குள் நடப்பதும் அதில் ஒன்று. அது தடம் மாறினால் வருவதுதான் ஆர்.ஓ.பி. (ROP) என்கிற, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்.

நீங்கள் ஆற்றுப்பாசனக்காரர், உங்களுக்கு இது எளிதாகப் புரியும். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிந்து, அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கன்னி என்று தண்ணீர் போய்க் கடைசியில் கடைமடையைத் தொடுகிறது இல்லையா? கண்ணின் உள்ளே காட்சி விழும் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் அப்படித்தான் வளர்கின்றன. பார்வை நரம்பு தலைப்பு. கருவின் 16ஆவது வார வாக்கில் அங்கிருந்து குழாய்கள் கிளம்பும். மூக்குப் பக்கத்து ஓரத்தைத் தொட எட்டு மாதம் ஆகும், காதுப் பக்கத்து ஓரத்தைத் தொட முழு 40 வாரம் ஆகும். 29 வாரத்தில் குழந்தை வெளியே வந்தால் குழாய்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. கடைமடை காய்கிறது. காய்ந்த பகுதி ரத்தம் கேட்டு ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பல குழந்தைகளுக்குக் குழாய்கள் தாமாகவே மெல்ல வளர்ந்து ஓரத்தைச் சேர்ந்துவிடும், பிரச்சினை அதோடு முடியும். சில குழந்தைகளுக்கு மட்டும் அந்தக் கேட்பு அதிகமாகி, கரை இல்லாத வாய்க்கால் மாதிரி பலமற்ற புதுக் குழாய்கள் கண்டபடி முளைக்கும். கசியும், தழும்பாகும், அந்தத் தழும்பு சுருங்கும்போது விழித்திரையையே பிடித்து இழுக்கும். விழித்திரை பிரிந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சைதான். முழுவதும் பிரிந்த பிறகு, அந்த அறுவை சிகிச்சை செய்தும்கூடப் பெரும்பாலும் பார்வை கிடைப்பதில்லை.

இது வருவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. வயிற்று நாட்களையும் சேர்த்து எண்ணினால் 35, 36, 37 வாரம். உங்கள் மகள் இப்போது சரியாக அங்கேதான் இருக்கிறாள். உங்கள் அம்மா சொல்லும் மூன்று மாதம் முடியும்போது, ஒன்று அது தானாகச் சரியாகியிருக்கும், இல்லையென்றால் எல்லாம் முடிந்திருக்கும். எதுவென்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கண் பளிச்சென்றுதான் இருக்கும், வெளிச்சத்துக்குத் திரும்பவும் செய்யும்.

லேசர் என்ன செய்கிறது என்று உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள். ரத்தம் சேராத அந்தக் கடைமடைப் பகுதியைத் தரிசாகப் போட்டுவிடுகிறார்கள். தரிசு நிலம் தண்ணீர் கேட்காது. கேட்பு நின்றால் கண்டபடி முளைத்த குழாய்கள் வற்றிவிடும். ஓரத்துப் பார்வை கொஞ்சம் போகும், நடுப் பார்வை காப்பாற்றப்படும். கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. அது அந்தச் சமிக்ஞையையே அடக்குகிறது. வேகமாக வேலை செய்யும், ஆனால் மருந்தின் பலம் போன பிறகு நோய் திரும்பி வரலாம் என்பதால் பல மாதங்கள் விடாமல் காட்ட வேண்டும். எது என்பது நோய் விழித்திரையின் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்கள் அவரிடம் ஸோன் (எந்த வட்டம்) எது, ஸ்டேஜ் (எவ்வளவு முற்றியிருக்கிறது) எது, பிளஸ் (ரத்தக்குழாய் புடைத்து நெளிவது) இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன "புடைப்பு" அந்தப் பிளஸ்ஸின் ஆரம்பமாக இருக்கலாம். லேசர் வேண்டும் என்று முடிவானால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து பெரியவர்களைக் கலந்து பேசி நல்ல நாள் பார்க்க அதில் இடமில்லை. பேச வேண்டியதை இப்போதே பேசி, சம்மதத்தோடு கிளம்புங்கள்.

இனி என் கதை. 2008 அக்டோபர் கடைசியில் என் மகன் பிறந்தான். 30 வாரம், 1250 கிராம். அப்போது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஓர் ஊரில் இருந்தோம். 24ஆவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் மூலையில் ROP என்று மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு தேதியும் இருந்தன. என்ன ஏதென்று யாரும் விளக்கவில்லை. வாசல்வரை கூட வந்த நர்ஸ் ஒருவர்தான் சிவப்புப் பேனாவால் அந்தத் தேதியை வட்டம் போட்டு, "அக்கா, எதை விட்டாலும் இதை விட்டுடாதீங்க, கண்ணு" என்றார். அது நவம்பர் 28.

நவம்பர் 27 காலையில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தது. உங்களுக்கு அப்போது சின்ன வயதாக இருந்திருக்கும். சம்பாப் பயிர் மேல் இரண்டடி தண்ணீர், வயலும் ரோடும் ஒன்றாகத் தெரிந்தது. பஸ் இல்லை. கரண்ட் இல்லை. "மழை விடட்டும்" என்று என் மாமியார் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தக் குழந்தையை என்னைவிட அதிகம் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான். என் கணவர் பேசாமல் போய்ப் பக்கத்துத் தெருவில் ஒரு டிராக்டரைக் கேட்டு வாங்கி வந்தார். குழந்தையை என் நெஞ்சோடு வைத்து, மாமனாரின் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு டிரெய்லரில் உட்கார்ந்தேன். திருத்துறைப்பூண்டி வரை டிராக்டர், மன்னார்குடி வரை ஒரு லாரி, அப்புறம் பஸ். திருச்சியில் கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

அந்தப் பரிசோதனையை நானும் பார்த்தேன் தம்பி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டார்கள். கருவிழி முழுக்கக் கறுப்பாக விரிந்தது. துணியில் இறுக்கிச் சுற்றினார்கள். இமையை விலக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி, ஊக்கு அளவுகூட இருக்காது. டாக்டர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு லென்ஸைக் கையில் பிடித்துக் குனிந்தார். நர்ஸ் அவன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். அவன் வாய் முழுக்கத் திறந்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவ்வளவு சின்ன நெஞ்சு. ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிடம் இருக்கும். முடிந்ததும் என்னிடம் கொடுத்தார்கள். இமை சிவந்து வீங்கியிருந்தது. மார்பில் போட்டேன். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டான். நான்தான் இரண்டு நாள் தூங்கவில்லை.

வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. உங்கள் மனைவி அழுவது நியாயம். அவரை "அழாதே" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் நின்று பார்க்க முடியாவிட்டால் நீங்கள் நில்லுங்கள். முடிந்ததும் குழந்தையை வாங்கிப் பால் கொடுக்க அவர் வெளியே தயாராக இருக்கட்டும்.

அன்று ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், போனோம். அதற்கடுத்த வாரம், டிசம்பர் இரண்டாம் வாரத்தில், ஸ்டேஜ் மூன்றும் பிளஸ்ஸும் என்று சொல்லி மறுநாளே இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்தார்கள். முதல் தேதியை விட்டிருந்தால், புயல் ஓய்ந்து, பயிர் போன கவலையில், பொங்கல் கழித்துத்தான் நாங்கள் நினைத்துப் பார்த்திருப்போம். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். மைனஸ் ஆறு கண்ணாடி போட்டிருக்கிறான், ஓரப் பார்வை கொஞ்சம் குறைவு. இரவில் அவனை வண்டி ஓட்ட விடுவதில்லை. இதை எழுதும்போது கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எல்லோருக்கும் அந்தச் சிவப்புப் பேனா கிடைப்பதில்லை. 1996இல் சென்னையில் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். உங்கள் மகள் மாதிரியே 29 வாரம், 1250 கிராம். கண்ணைக் காட்டச் சொல்லி யாரும் அந்தப் பெற்றோரிடம் சொல்லவில்லை. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது, பார்வை போய்விட்டது. அவள் அப்பா விடாமல் வழக்கு நடத்தி, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த இரவு என் மகன் தூங்குவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களிடம் தேதியைச் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. அந்த அப்பாவுக்குக் கிடைக்காதது அது.

உங்கள் அம்மாவைப் பற்றி. அவர் காலத்தில் நம் ஊரில் 1080 கிராம் குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் இந்த நோயை அவர் பார்த்திருக்கவே முடியாது. குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்த பிறகு வந்த நோய் இது. அவரோடு வாதாடாதீர்கள், வியாழக்கிழமை கூடவே கூட்டிப் போங்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பாட்டிகளைப் பார்த்தால் அவருக்கே விளங்கும். கூடவே ஒன்று: மூக்கில் எண்ணெய் விடுவது, உரை மருந்து, கண்ணில் மை, கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, இவை எதுவும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ஆக்சிஜன் விஷயம் பாதி உண்மை. 1940களில் வெளிநாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஏராளமான குழந்தைகளுக்குப் பார்வை போனது. 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர் அந்தத் தொடர்பைச் சொன்னார். பிறகு எல்லோரும் ஆக்சிஜனைச் சுருக்கினார்கள், அப்போது மூச்சுக்கு வழியில்லாமல் குழந்தைகள் செத்தன. இன்று காலில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அளவோடு கொடுத்தாலும் இவ்வளவு சீக்கிரம் பிறந்த கண்ணுக்கு இது வரலாம். அந்த ஆக்சிஜன் இல்லாவிட்டால் இன்று பேச நமக்கு ஒரு மகள் இருந்திருக்க மாட்டாள்.

பைக் விஷயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். 2020இல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள், அதில் ஏறக்குறைய 30 லட்சம் நம் நாட்டில். தாய்க்கு ரத்த அழுத்தம், கிருமித் தொற்று, கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று சிலருக்குக் காரணம் தெரியும். பல பேருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. வளைகாப்புக்கு மனைவியை ஆசையாகக் கூட்டிப் போனதற்காக நீங்கள் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. அதை உங்களிடம் சொன்னவர் மறுபடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். குறைமாதக் குழந்தையின் கண் நோய் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் உள்ள நோய். லேசர் வேறு ஊரில்தான் என்றால் அனுப்புகிற சீட்டையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

வியாழக்கிழமை குழந்தையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றி, வெறும் மார்பில் அவளைப் படுக்க வைத்து, பழைய பருத்தி வேட்டியால் இரண்டு சுற்றுக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்குக் குல்லா. மழையில் போகும்போது உங்கள் சூடு போதும் அவளுக்கு. அவள் உங்கள் மனைவியிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அப்பா நெஞ்சிலும் இப்படியே தூங்குவாள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழும்போது கக்கிவிடுவாள். பிழிந்த பால் கொஞ்சமும் பால் புகட்டும் பாலாடையும் பையில் இருக்கட்டும், முடிந்த பிறகு மார்பில் குடிக்கத் தெம்பில்லாவிட்டால் உதவும். சீட்டில் அடுத்த தேதியை எழுதி வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். ரத்தக்குழாய் ஓரம்வரை வந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று டாக்டர் வாயால் சொல்லும்வரை ஒவ்வொரு தேதிக்கும் போங்கள்.

காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள். ரோட்டில் தண்ணீர் நின்றால் 108க்குப் போன் செய்து குறைமாதக் குழந்தை என்று சொல்லுங்கள்.