கல்லூரிப் பிள்ளையை எப்படி நம்புவது? பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 19 வயது மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. தவறா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: தெரியாமல் பார்ப்பது தவறுதான், அம்மா. அவளாகக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்டாட்டின், கெர் இருவரும் 2000-இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள்: பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாகச் சொன்னவை. துருவிக் கேட்டதாலும் கட்டுப்படுத்தியதாலும் தெரியவந்தது குறைவு. வீட்டிலிருக்கும் 14 வயதிலேயே இப்படியென்றால், விடுதியிலிருக்கும் 19 வயதில் அவள் வாய்திறந்து சொல்வதைத் தவிர உங்களுக்கு வேறு வழி ஏது? கைப்பேசி இடத்தைக் காட்டும். அங்கே அவள் அழுதாளா சிரித்தாளா என்று காட்டாது.

கேள்வி: மகன் நான்கு அரியர் வைத்திருப்பதை ஒன்றரை ஆண்டாக மறைத்துவிட்டான். இனி எப்படி நம்புவது? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: உங்கள் வலி புரிகிறது. ஆனால் முதல் அரியர் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று யோசியுங்கள். என்னிடம் வரும் மாணவர்களை "வீட்டில் சொன்னாயா?" என்று கேட்பேன். "அப்பா அடிப்பார்" என்பவர்கள் குறைவு. "அப்பா தாங்கமாட்டார்" என்பவர்களே அதிகம். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பலர் பொய்க்குள் சிக்குகிறார்கள். எந்தத் தாள்கள், எப்போது தேர்வு, கட்டணம் எவ்வளவு என்று அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள். சித்தப்பா, மாமாவிடம் சொல்லிப் புலம்பாதீர்கள். அது அவன் காதுக்குப் போனால் அடுத்த முறையும் மறைப்பான். தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்று சொன்னாலோ அரியரை ஒதுக்கிவையுங்கள். அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஏடிஎம் கார்டை நாங்களே வைத்துக்கொள்ளலாமா? (பெற்றோர், மதுரை)

பதில்: வேண்டாம். வீட்டுக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை அவனிடம் வெளிப்படையாகப் பேசி முடிவுசெய்யுங்கள். கார்டு அவனிடமே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 20 வயது. நான் எதைச் சொன்னாலும் அப்பா நம்புவதில்லை. (ஒரு மாணவி)

பதில்: முழுச் சுமையும் உன்னுடையது அல்ல, அம்மா. அப்பாவும் மாற வேண்டும். நீ செய்யக்கூடியது ஒன்றுண்டு: அவர் கேட்கும் முன்பே சின்னச் சின்னச் செய்திகளைச் சொல். பஸ் தாமதம், பிடிக்காத பாடம், தோழியோடு சண்டை. ஒரு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடியும் எனக்கு எழுது.