வாங்குமுன் கேளுங்கள்: கப்பலில் குடும்பம் சிதறாமலிருக்க

ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் ஒன்றுகூட, சிங்கப்பூரில் ஏறும் உல்லாசக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது கூடிவருகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே. ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலில் எங்கட ஆக்களை எப்படித் தேடிப்பிடிப்பது, அதற்கு என்ன வாங்குவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

கோண்டாவில் வாசகர்: கனடாவிலிருந்து அண்ணை குடும்பம், லண்டனிலிருந்து அக்கா குடும்பம், இங்கிருந்து நாங்கள். மொத்தம் 14 பேர், நாலு நாள். வட்ஸ்அப் குழு தொடங்கியாச்சு. அது போதும்தானே?

போதாது. கப்பல் கரையை விட்டு விலகியதும் அந்தக் குழு அசையாது. கப்பலின் வைஃபையில் இலவசமாக இணையலாம், ஆனால் அது கப்பலுக்குள்ளேயே சுற்றும் வலை. வட்ஸ்அப் செய்தி பக்கத்துக் கபினுக்குப் போவதென்றாலும் வெளியே இணையத்துக்குப் போய்த்தான் திரும்பி வரும். அதற்கு இணையப் பொதி வாங்க வேண்டும். பொதியை ஆட்கணக்கில் அல்ல, கருவிக் கணக்கில் விற்கிறார்கள். நாளுக்கு 20 டொலர் என்று வைத்துப் பாருங்கள்: 14 பேருக்கு நாலு நாளில் 1,120 டொலர். "சாப்பிட எப்ப வாறியள்" என்று கேட்பதற்கு இந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சொந்தச் செயலி உண்டு. பலவற்றில் பயணிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பலாம், இணையப் பொதி தேவையில்லை. செயலியை வீட்டில் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள்; கப்பலின் இலவச வைஃபையில் அது இறங்காமல் போகலாம். ஒவ்வொருவரும் தன் மின்னஞ்சலாலும் பதிவு இலக்கத்தாலும் உள்நுழைந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். ஏறியதும் பிளைட் மோடைப் போட்டு, அதன்பின் வைஃபையை மட்டும் திறந்து, ஆளை ஆள் செயலியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்ரொயிட் போன் "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?" என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அது தானாகக் கழன்றுவிடும். விபிஎன் போட்டிருந்தால் நிறுத்துங்கள்.

பலர் சறுக்கும் இடம் இனித்தான் வருகிறது. செய்தி வந்ததென்று போன் மணி அடிப்பது அப்பிள், கூகிள் சேர்வர்களின் வழியாக. பொதி இல்லாத போனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். செய்தி வந்து கிடக்கும், சத்தம் வராது. ஆகவே காலை 8, மதியம் 12, மாலை 5 என்று செயலியைத் திறந்து பார்க்கும் நேரத்தை 14 பேரும் ஏறுமுன்பே பேசி வையுங்கள். கனடாவுக்கும் ஊருக்கும் தகவல் சொல்ல ஒரே ஒரு பொதி வாங்கினால் போதும். பொதுவாக ஒரு கருவியில் வெளியேறி இன்னொன்றில் நுழையலாம். ஏறுமுன் வாங்கினால் பெரும்பாலும் மலிவு.

மானிப்பாய் வாசகி: எல்லாக் கப்பலிலும் செயலியில் செய்தி அனுப்புவது இலவசமா?

இல்லை. டிஸ்னி, பிரின்செஸ் கப்பல்களில் இலவசம். கார்னிவல் தலைக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கிவந்திருக்கிறது. ரிக்கெற் எடுக்குமுன் கேளுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: கப்பலில் பாவிக்க இணையத்தில் ஆறு வோக்கி-டோக்கி ஓடர் பண்ணி வாங்கிவிட்டேன். 5 கிலோமீற்றர் எடுக்கும் என்று போட்டிருந்தது. வேறு ஏதும் வாங்க வேண்டுமா?

தம்பி, வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். 5 கிலோமீற்றர் என்பது வெட்டவெளிக் கணக்கு. கப்பலின் தளமும் சுவரும் உருக்கு. அரை வாற்று வலுவுள்ள கருவி ஒரே தளத்தில் ஓரளவு கேட்கும், இரண்டு மூன்று தளம் தாண்டினால் இரைச்சல்தான். என் அலுமாரியிலும் ஒரு சோடி இதே வாக்குறுதியுடன் கிடக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் அலைவரிசை. அமெரிக்காவில் விற்கும் எஃப்ஆர்எஸ் என்ற வகைக் கருவி 462, 467 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். ஐரோப்பாவின் பிஎம்ஆர் என்ற வகை 446இல். ஒரு நாட்டில் அனுமதியுள்ளது மற்ற நாட்டில் குற்றமாகலாம். கப்பல் மாலுமிகள் தங்களுக்குள் பேசுவதும் 457, 467 மெகாஹேர்ட்ஸை ஒட்டித்தான். இலங்கைக்குள் கொண்டுவரவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பெட்டி பிரிக்காமல் இருந்தால் இன்றைக்கே திருப்பி அனுப்பப் பாருங்கள். விளம்பரத்தை வாசித்த நேரத்தில் கப்பலின் தடைப் பட்டியலையும் வாசித்திருக்கலாம்.

நல்லூர் வாசகி: அப்பா கப்பலில் ஒரு அழைப்பும் எடுக்கவில்லை. தினசரி ரோமிங் பொதியும் போட்டிருந்தார். திரும்பி வந்தால் 68,000 ரூபா பில்.

உங்கள் அப்பாவில் பிழையில்லை. கவுண்டரில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கதை எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

ரோமிங் பொதி நாடுகளின் பட்டியலுக்கு விற்கப்படுவது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து எல்லாம் பட்டியலில் இருக்கும். நடுக்கடல் எந்த நாடும் அல்ல. கப்பலுக்குள்ளேயே ஒரு சிறிய கைத்தொலைபேசிக் கோபுரம் இருக்கிறது. அது செய்மதி வழியாக உலகத்தோடு இணைகிறது. கரையிலிருந்து சுமார் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீற்றர் தாண்டியதும் பொதுவாக அதை இயக்குவார்கள். கரைச் சமிக்ஞை தேய, போன் கப்பல் கோபுரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். திரையில் "செலுலர் அட் சீ", "ரெலினோர் மரிரைம்" போன்ற பெயரோ 901 என்று தொடங்கும் இலக்கமோ தெரியும். அந்தக் கணத்திலிருந்து கட்டணம் மெகாபைற் கணக்கில். அழைப்பு எடுக்கத் தேவையில்லை. பகலில் எடுத்த 200 படங்கள், ஒன்று 4 மெகாபைற் என்றால், பின்னணியில் இணையக் களஞ்சியத்துக்கு ஏறும்போதே 800 மெகாபைற் போய்விடும். செயலிப் புதுப்பிப்பு வேறு. உள்வரும் அழைப்புக்கும் காசு.

பொதி விற்பவருக்கு இது தெரியும். "கடலில் இது செல்லாது" என்று சொல்ல ஐந்து வினாடி போதும். பயண முகவரின் நிகழ்ச்சி நிரலில் உடுப்பு ஒழுங்குக்கு ஒரு பக்கம் இருக்கிறது, இதற்கு ஒரு வரி இல்லை. வயதானவர்கள் கேட்காமலே சொல்ல வேண்டிய விஷயம் இது. ஆகவே இனிப் பொதி வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "கப்பல் வலையமைப்பு இதில் அடங்குமா?" பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள். டேற்றா ரோமிங்கை நிறுத்துங்கள், வலையமைப்பைத் தானாகத் தெரிவுசெய்வதை நிறுத்துங்கள், கப்பல் அசையுமுன் பிளைட் மோடைப் போடுங்கள். துறைமுகத்தில் இறங்கியபின் அந்த மோடை எடுத்தாலும் திரையில் எந்தப் பெயர் நிற்கிறது என்று பாருங்கள். பிளைட் மோடில், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓரீபீ) வராது. காசு சம்பந்தமான அலுவல்களைக் கரையில் முடியுங்கள்.

பில்லுக்கு: திகதி, நேரம், வலையமைப்பின் பெயர் உள்ள விவரப் பட்டியலைச் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பொதி வாங்கியபோது என்ன சொல்லப்பட்டது என்பதைக் குறித்து, தொகையைக் குறைக்கக் கோருங்கள். அசையாவிட்டால் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900ஐ அழையுங்கள்.

பருத்தித்துறை வாசகி: "கப்பலிலும் வேலை செய்யும்" என்று சொல்லி ஐந்து ஈசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள் இறக்கும் சிம்) விற்றார்கள். கரையில் மட்டும்தான் வேலை செய்தது. காசு திரும்பி வருமா?

உங்களைத் தெளிவாகவே ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். நாட்டுக்கான ஈசிம் அந்த நாட்டுக் கரைக் கோபுரங்களைத்தான் பிடிக்கும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், பற்றுச்சீட்டு, அரட்டைச் செய்திகள் மூன்றையும் சேமியுங்கள், அவர்கள் அழிக்குமுன். விற்றவருக்கு ஏழு நாள் தவணை கொடுத்து எழுதுங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால் அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். விற்றவர் இலங்கையில் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். நாளைக் கணக்குப் பாருங்கள்.

வேலணை வாசகர்: அம்மாவுக்கு 74 வயது. ஸ்மார்ட் போன் பழக்கமில்லை. அவவைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போகப் பயமாக இருக்கு.

அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் கப்பலிலேயே இருக்கிறது. கபினில் உள்ள தொலைபேசியால் மற்றக் கபின்களுக்கு இலவசமாகக் கதைக்கலாம், ஆள் இல்லாவிட்டால் குரல் செய்தி விடலாம். முதல் நாளே அம்மாவைக் கொண்டு இரண்டு முறை அடிக்கப் பழக்குங்கள். எண்ணுக்கு முன் ஏதும் இலக்கம் அழுத்த வேண்டுமா என்று தொலைபேசிக்குப் பக்கத்து அட்டையில் இருக்கும்.

கபின் கதவு பொதுவாக உருக்கு, காந்தம் ஒட்டும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் புத்தகக் கடையில் காந்தம் வைத்த சின்ன வெள்ளைப் பலகை ஒன்றும் பேனாவும் வாங்குங்கள், ஒரு முழ நீளம் வேண்டாம். கதவின் உட்பக்கத்தில் ஒட்டி, "10ஆம் தளம், சாப்பாட்டு மண்டபம், 12.30க்கு வருவோம்" என்று எழுதுங்கள். வெளிப்பக்கம் எழுதினால் கபினில் ஆள் இல்லை என்பது வழியால் போறவருக்கெல்லாம் தெரியும். ரேப் ஒட்ட வேண்டாம். பெயின்ற் கழன்றால் காசு கேட்பார்கள்.

ஒரு அட்டையில் அம்மாவின் கபின் இலக்கம், உங்கள் எல்லோருடைய கபின் இலக்கம், கூடும் இடம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவ கழுத்தில் தொங்கவிடும் கப்பல் அட்டைக்குப் பின்னால் வையுங்கள். கூடும் இடம் "நீச்சல் தடாகம்" என்று இருக்கக் கூடாது, அங்கே பல தடாகங்கள் இருக்கும். மின்தூக்கிக்குப் பக்கத்தில், ஒரே தளத்தில், இருக்கை உள்ள இடமாகப் பாருங்கள். பல கப்பல்களில் ஒற்றை எண் கபின்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம். அதைச் சொல்லிக்கொடுத்தால் வழி தவறுவது குறையும்.

அவசர ஒத்திகை ஒன்று கட்டாயம் நடக்கும். அவசரத்தில் போய்க் கூடும் நிலையம் கபினைப் பொறுத்தது, ஆகவே அம்மாவின் நிலையமும் உங்களுடையதும் வேறாக இருக்கலாம். முடிந்தால் அம்மாவோடு ஒருவர் ஒரே கபினில் இருங்கள். உண்மையான அவசரத்தில் குடும்பத்தைத் தேடி ஓடாமல் அவரவர் நிலையத்துக்குப் போவதுதான் சரி.

சுன்னாகம் வாசகி: பிள்ளைகளின் பையில் எயர்ராக் (பொருளைத் தேடிப்பிடிக்க அப்பிள் விற்கும் சின்ன வில்லை) போட்டால் கப்பலில் கண்டுபிடிக்கலாமா?

நம்ப வேண்டாம். இடம் தெரிய அருகில் இணையமுள்ள ஐபோன் இருக்க வேண்டும். கிட்ட நின்றால் மட்டும் புளூரூத்தால் தேடலாம். சூட்கேசுக்கு நல்லது. பிரின்செஸ் கப்பல்களில் தரும் மெடாலியன் என்ற நாணய அளவு வில்லை, கூட வந்தவர் எங்கே என்று செயலியில் காட்டும். அதற்குத் தனிக் காசு இல்லை.

காரைநகர் வாசகர்: தாய்லாந்தின் புக்கெற்றில் இறங்கிய மச்சான் கப்பலைத் தவறவிடப் பார்த்தார். போனில் நேரம் சரியாகத்தான் இருந்ததாம்.

போன் சரி, ஆனால் தவறான ஊரின் நேரம். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணித்தியாலம் பின்னால். சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருக்கும் கப்பலில் 4.30க்கு ஏற வேண்டுமென்றால், தாய்லாந்துச் சமிக்ஞை பிடித்த போன் அப்போது 3.30 காட்டும். சில கப்பல்கள் மணிக்கூட்டை மாற்றும், சில மாற்றா, இறங்குமுன் அறிவிப்பார்கள். போனில் தானியங்கி நேரத்தை நிறுத்தி, கப்பல் நேரத்தைக் கையால் வையுங்கள், அல்லது மலிவான கைக்கடிகாரம் ஒன்று கட்டுங்கள். புக்கெற்றில் பல கப்பல்கள் நங்கூரமிட்டுப் படகில்தான் கரைக்கு விடும். கடைசிப் படகின் நேரம்தான் உங்களுக்குக் கணக்கு. அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்துக்காகக் கரையில் இருப்பவர்) இலக்கம் இருக்கும், படமெடுத்து வையுங்கள்.

உரும்பிராய் வாசகி: முகவர் நாலு கபினும் பக்கத்துப் பக்கத்தில் என்றார். பதிவு வந்தபோது மூன்று தளங்களில் சிதறியிருக்கு. இப்ப "கப்பல்காரர் செய்தது" என்கிறார்.

உங்களிடம் பக்கத்துப் பக்கம் என்று சொல்லிவிட்டு, விலை குறைந்த "கரன்ரி" கபினை எடுத்திருப்பார் போலத் தெரிகிறது. அதில் கபின் வகை மட்டும் உறுதி, இலக்கத்தைக் கப்பல் நிறுவனமே தெரிவுசெய்யும். அதைச் சொல்லாமல் விற்றது அவரின் பிழை. பதிவை உறுதிசெய்து கப்பல் நிறுவனம் கொடுத்த பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாலு பதிவு இலக்கங்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒரே மேசை, ஒரே சாப்பாட்டு நேரம் கேட்கலாம். ஏறியதும் முதல் மணித்தியாலத்தில் சாப்பாட்டு மண்டப மேலாளரை ஒருவர் போய்ச் சந்திக்க வேண்டும். முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ளவரா என்றும் பாருங்கள்.

இணுவில் வாசகர்: எல்லாப் போனையும் ஒன்றாகச் சார்ஜ் பண்ண எக்ஸ்ரென்ஷன் பெட்டி கொண்டுபோகலாமா?

வேண்டாம், பறித்து வைப்பார்கள். கப்பலின் மின்கட்டமைப்பில் சேர்ஜ் (திடீர் மின்னெழுச்சி) பாதுகாப்புள்ள பெட்டி தீ ஆபத்து. யூஎஸ்பி பல துளையுள்ள சார்ஜரும், எங்கட மூன்று கால் பிளக்குக்கு ஒரு அடப்ரரும் போதும். பவர் பாங்க் 20,000 மில்லியம்பியர் மணி என்றால் 74 வாற்று மணி, விமானத்தின் 100 எல்லைக்குள், கைப்பையில் மட்டும்.

மயிலிட்டி வாசகர்: காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். சுமார் நாலு மணித்தியாலப் பயணம், எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பியள். நடுவில் சமிக்ஞை இராது. கூட்டிக்கொண்டு போக வருபவருக்குப் புறப்படுமுன்பே அழைத்துச் சொல்லுங்கள்.